தாய்மார் சீரம்

எழுபத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம், தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் இருந்த ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் உள்ளே போனபோது எனக்கு முன்பே ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கோட்டு, முகத்தில் கட்டிய துணி, முன்னால் எரியும் ஸ்பிரிட் விளக்கு. கண்ணாடிப் புட்டியின் வாயை அந்தத் தீயில் காட்டித் திருப்பிக்கொண்டிருந்தாள். கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அந்தக் கண்களை எனக்குத் தெரியும். எங்கள் ஊர் மிராசுதார் ரெங்கசாமியின் மகள் பிரகதாம்பாள்.

நான் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். வலங்கைமானுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். என் அப்பா வீரையனும் அம்மாவும் அவர்கள் நிலத்தில்தான் நாற்றுப் பறித்தார்கள், நட்டார்கள், அறுத்தார்கள். எங்கள் தெருவில் காலேஜ் முடித்த முதல் பெண் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஊரை விட்டு வெகுதூரம் வந்துவிட்டதாக நினைத்திருந்தேன். வந்து பார்த்தால் ஊரே எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"உள்ள வா அம்சம். செருப்ப வெளியில விட்டுட்டு வா" என்றாள்.

"சரிங்க சின்னம்மா."

அவள் புட்டியை மூடி வைத்துவிட்டுத் திரும்பினாள். "இங்க அப்படிக் கூப்பிடாத."

"வேற எப்படிக் கூப்பிடுறது?"

"பேரச் சொல்லு. பேரு எதுக்கு வச்சிருக்கு?"

எனக்கு வாய் வரவில்லை. பல மாதங்கள் நான் அவளை எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. "இங்க பாருங்க", "கொதிச்சிடுச்சுங்க", "டாக்டர் வந்துட்டாருங்க" என்று பெயரே வராமல் பேசப் பழகிக்கொண்டேன். அவள் அதைக் கவனித்துச் சிரிப்பாள், ஆனால் வற்புறுத்த மாட்டாள்.

எங்கள் தலைவர் டாக்டர் இராஜாங்கம். அமெரிக்காவில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, அங்கேயே இருந்திருக்கலாம் என்று எல்லோரும் சொல்லச் சொல்லக் கேட்காமல் திரும்பி வந்தவர். காரணம் கேட்டால் "தை மாசம் திருவையாத்துல இருக்கணும்ல" என்பார். பாட்டுப் பைத்தியம். புட்டியில் வளரும் செல்களுக்கு உணவு மாற்றும்போதுகூட வாய் ஏதாவது ஒரு ராகத்தை முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.

அவர் எங்களிடம் சொன்ன வேலை இதுதான். எங்கள் பக்கத்துப் பெண்கள், அதிலும் வயல் வேலை செய்யும் பெண்கள், கர்ப்பப்பை வாயில் புற்று வந்து நிறையப் பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புற்றுக்கு ஹெர்பிஸ் வைரஸ் காரணமாக இருக்கலாம் என்று அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் ஒரு சந்தேகம். அமெரிக்காவில் இரண்டு பேர் அந்த வைரஸை வைத்து, கண்ணாடியில் வளர்த்த பிராணிச் செல்களைப் புற்றுச் செல்களைப் போல மாற்றிக் காட்டியிருந்தார்கள். நம் ஊரில் நம் பெண்களின் புண்ணிலிருந்து எடுத்த வைரஸும் அதைச் செய்யுமா? அதைத்தான் பார்க்க வேண்டும்.

கேட்க எளிதாக இருந்தது. ஆனால் அதற்குள் ஒரு முரண் இருந்தது. ஹெர்பிஸ் வைரஸ் செல்லுக்குள் போனால் செல்லைக் கொன்றுவிடும். செத்த செல் எப்படிப் புற்றாகும்? அதனால் வைரஸை முதலில் புற ஊதா விளக்கின் கீழ் வைத்து அதன் பல்லைப் பிடுங்க வேண்டும். பெருகவும் கொல்லவும் வலுவில்லாமல் போக வேண்டும், ஆனால் செல்லுக்குள் நுழைந்து தன்னில் ஒரு துண்டை விட்டுவைக்கும் அளவுக்கு உயிர் இருக்க வேண்டும். வெளிச்சம் கொஞ்சம் கூடினால் வைரஸ் வெறும் தூசி. கொஞ்சம் குறைந்தால் புட்டியில் ஒரு செல்கூட மிஞ்சாது.

செல்களுக்கு வெள்ளெலிகளை வளர்த்தோம். இன்னும் பிறக்காத குட்டியின் திசுவை நறுக்கி, டிரிப்சின் நீரில் கலக்கிப் பிரித்துப் புட்டியில் விடுவோம். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். "வயல்ல எலி புடிச்சு மாளலைன்னுதான் உன்னைப் படிக்க வச்சேன். அங்க போயும் எலியா?"

ஆனால் அந்தச் செல்களை முதல் தடவை மைக்ராஸ்கோப்பில் பார்த்த நாள் இன்றும் எனக்குள் குளிர்ச்சியாக இருக்கிறது. மெல்லிய, நீண்ட செல்கள். கண்ணாடியின் அடியில் ஒட்டிக்கொண்டு, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகச் சாய்ந்து, காற்றுக்கு ஒரே பக்கம் படுத்த பயிர் மாதிரி. அடுத்த செல்லைத் தொட்டதும் அதோடு நின்றுவிடும். ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. புட்டி நிறைந்ததும் பிரித்து வேறு புட்டிகளில் விடுவோம், மறுபடி நிறையும். சில மாதங்கள் இப்படிப் போனபின் வயதாகி, பெருத்து, மெதுவாகச் செத்துப்போகும். நல்ல செல்லின் குணம் அது.

"மரியாதை தெரிஞ்ச செல்லு" என்பாள் பிரகதாம்பாள்.

தூசி புகக் கூடாது என்று அந்த அறையில் ஜன்னலைத் திறக்க மாட்டோம். சித்திரை வெயிலில் கோட்டுக்குள் வேர்வை ஓடும். மத்தியானம் வெளியே புங்கமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவள் வீட்டிலிருந்து வரும் வத்தக்குழம்பு என் டப்பாவுக்கு வரும், என் அம்மா வறுத்துக் கொடுத்த கருவாடு அவள் டப்பாவுக்குப் போகும். வீட்டில் அவள் கருவாட்டைத் தொட்டதே இல்லையாம். ஊரில் அவர்கள் வீட்டுக் கொல்லையில் நின்று கையேந்திக் குழம்பு வாங்கிய அம்மாவின் மகள் நான். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமலே அந்த மரத்தடியில் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது.

செல்கள் வளர சீரம் வேண்டும். ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர். கன்றுக்குட்டியின் சீரம் நல்லது. வெளிநாட்டில் புட்டியில் அடைத்தே கிடைக்கும், அதை வரவழைக்க எங்களுக்கு அனுமதி கிடைக்காது. அதனால் ரெங்கசாமியின் மாட்டுக்கொட்டிலில் பிறக்கும் காளைக்கன்றுகளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவர டாக்டர் ஏற்பாடு செய்திருந்தார். மகள் கேட்டதால் ரெங்கசாமி சம்மதித்தார். கன்றைப் பிடித்துக்கொள்வது என் அப்பா. ஊசி போடுவது டாக்டர். பாத்திரம் பிடிப்பது பிரகதாம்பாள்.

ஒன்றரை வருஷம் ஓடியது. வெளிச்சத்தின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஒன்று, எதுவுமே நடக்கவில்லை. இல்லையென்றால் எல்லாம் செத்தது. இடையில் ஓர் அளவில் மட்டும் செல்கள் பாதி பிழைத்தன. டாக்டர் அந்த அளவைப் பிடித்துக்கொண்டு ஒரு வரிசைப் புட்டிகளைத் தயார்செய்தார். அதற்குள் எழுபத்துநான்காம் வருஷத் தை மாதம் பிறந்துவிட்டது. சம்பா தலை சாய்ந்து நின்றது.

கூலிப் போராட்டம் ஆரம்பித்தது.

அந்த வருஷங்களில் அது புதிதில்லை. சட்டம் கூலியை உயர்த்தியிருந்தது. நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கர் என்று குறைத்திருந்தது. சட்டம் சென்னையில் இருந்தது, நெல் இங்கே இருந்தது. நிலம் மச்சினன் பேரிலும் மகள் பேரிலும் பிரிந்து பட்டா மாறியதே தவிர வரப்பு மாறவில்லை. பிரகதாம்பாள் பேரிலும் ஒரு பட்டா இருந்தது. "எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது" என்று ஒருநாள் சொன்னாள். எனக்குத் தெரியும். அந்த வயலில் என் அம்மா நட்டிருக்கிறாள்.

எங்கள் தெரு ஆட்கள் ரெங்கசாமியின் களத்தில் செங்கொடி நட்டு, அரிவாளை எடுக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் நின்றது என் அப்பா. ரெங்கசாமி வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்தார். லாரியை மறித்தார்கள். போலீஸ் வந்தது. எங்கள் தெருவில் சில ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நெல் முற்றி வயலிலேயே கொட்ட ஆரம்பித்தது.

அந்த வாரம் ஊருக்குப் போய் வந்த பிரகதாம்பாள் கையில் சீரம் இல்லை.

"அப்பா குடுக்கமாட்டேன்னுட்டார்" என்றாள். "வீரையன் மகளும் நீயும் ஒரே மேசையில உக்காந்து வேலை பாக்குறதுக்கு என் கன்னுக்குட்டி ரத்தம் சிந்தணுமான்னு கேட்டார்."

எனக்கும் கோபம் இருந்தது. பிடித்துக்கொண்டு போனவர்களில் என் சித்தப்பா மகனும் ஒருவன். இரண்டு நாள் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. புங்கமரத்தடிக்கு நான் போகவில்லை. அந்த இரண்டு நாளும் மைக்ராஸ்கோப்பில் வேறு கெட்ட செய்தி. புதுப் புட்டிகளில் செல்கள் உருண்டு உப்பி மிதக்க ஆரம்பித்தன. விளக்கிலிருந்து தப்பிய வைரஸ் கொஞ்சம் உள்ளே இருந்து தின்றுகொண்டிருந்தது. இப்போது சீரமும் இல்லை.

டாக்டர் அந்த வருஷம் திருவையாற்றுக்குப் போகவில்லை. அறைக்குள் வந்து புட்டிகளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார், வைப்பார். முணுமுணுப்பு நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் பிரகதாம்பாள் என் முன்னால் வந்து நின்றாள்.

"அம்சம், எங்கப்பா மேல இருக்குற கோபத்த என் மேல வச்சுக்க. தப்பில்ல. ஆனா அந்தப் புட்டி மேல வைக்காத. எனக்கு ஒரு யோசனை. பிரசவ வார்டுல கொடியை வெட்டினதுக்கு அப்புறம் நஞ்சுக்கொடியில ரத்தம் நிக்குமே, அத என்ன பண்ணுறாங்க?"

"பொதைச்சிடுறாங்க."

"அதுவும் பச்சப்புள்ள ரத்தந்தானே? கன்னுக்குட்டி ரத்தத்துக்கு அது எந்த விதத்துல குறைச்சல்?"

டாக்டரிடம் சொன்னோம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளிநாட்டில் சிலர் அப்படிச் செய்திருப்பதாகப் படித்திருக்கிறேன் என்றார். வார்டில் பேசினார். தாயிடம் கேட்டு, அவள் சரியென்றால் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அப்படித்தான் நாங்கள் கொதிக்க வைத்த புட்டிகளோடு பிரசவ வார்டில் போய் நின்றோம். பாதிப் பேர் சிரித்துக்கொண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சிலர் பயந்தார்கள். ஒரு தாசில்தார் மனைவி, "யார் யார் ரத்தத்தோட கலப்பீங்க?" என்று கேட்டாள். எல்லோருடையதையும் கலப்போம் என்றாள் பிரகதாம்பாள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

ஒருநாள் மத்தியானம், வார்டு வாசலில் எனக்குத் தெரிந்த குரல் அழுதுகொண்டிருந்தது. எங்கள் தெருக் காளியம்மாள். எனக்குச் சித்தி முறை. அவள் மகள் பொன்னுத்தாய்க்குத் தலைப்பிரசவம். வலங்கைமானில் முடியாது என்று இங்கே அனுப்பியிருந்தார்கள். பொன்னுத்தாயின் புருஷனைத்தான் போலீஸ் முதலில் ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

காளியம்மாள் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எனக்குப் பின்னால் புட்டியோடு நின்றவளைப் பார்த்தாள். கையை விட்டுவிட்டாள்.

"இது ரெங்கசாமி ஐயா மக இல்ல?"

"ஆமா சித்தி."

"கையில என்ன புட்டி?"

நான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

"உங்கப்பன் உறிஞ்சுனது போதாதா? இன்னும் கண்ணு முழிக்காத புள்ள ரத்தமும் வேணுமா உனக்கு?"

கட்டில்களில் இருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் ஓடி வந்தாள். நான் குறுக்கே பேசப்போனேன். பிரகதாம்பாள் என் தோளைத் தொட்டு நிறுத்தினாள். முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் அந்தப் பெண்மணியை "ஏ காளியம்மா" என்றுதான் கூப்பிட்டிருப்பாள்.

"புள்ளையோட ரத்தம் இல்லம்மா" என்றாள். "கொடியை வெட்டிப் புள்ளைய உங்க கையில குடுத்ததுக்கப்புறம் நஞ்சுல மிஞ்சி நிக்கிறது. குடுக்காட்டியும் ஒண்ணுமில்ல."

"எதுக்கு அது உனக்கு?"

"உங்க அக்கா கண்ணாத்தா எப்படிச் செத்தாங்க?"

கண்ணாத்தாள் உதிரம் நிற்காமல் வருஷக்கணக்கில் கிடந்து செத்தது எங்கள் தெருவுக்கே தெரியும். கடைசி மாதங்களில் வாடை தாங்காமல் அவளைத் தனிக் குடிசையில் வைத்திருந்தார்கள்.

"அந்த நோவு எதனால வருதுன்னு தேடுறோம்" என்றாள் பிரகதாம்பாள். "கண்டுபுடிச்சிடுவோம்னு சொல்லமாட்டேன். தேடுறோம். அவ்வளவுதான்."

காளியம்மாள் என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு. நெசமா?"

"நெசந்தான் சித்தி."

உள்ளே பொன்னுத்தாய் கத்தினாள். காளியம்மாள் அந்தப் பக்கம் திரும்பி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அவளக் கேட்டுக்க. அவ சரின்னா எடுத்துக்க. ஆனா உங்கப்பன்கிட்ட போயிச் சொல்லு. நாங்க நெல்லுதான் கேட்டோம், அவரு குடுக்கல. நீ ரத்தம் கேட்ட, நாங்க குடுத்தோம்னு சொல்லு."

"சொல்றேன்" என்றாள் பிரகதாம்பாள்.

பொன்னுத்தாய்க்குப் பெண் குழந்தை பிறந்தது. வலிக்கு நடுவில் அவள் தலையை ஆட்டிச் சம்மதம் சொன்னாள். கொடியை வெட்டிக் குழந்தையைக் காளியம்மாள் கையில் கொடுத்த பிறகுதான் பிரகதாம்பாள் புட்டியை நீட்டினாள்.

அவள் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள். அந்த வாரமே ஊருக்குப் போய், சாப்பிட உட்கார்ந்த அப்பாவிடம் காளியம்மாள் சொன்னதை ஓர் எழுத்துக் குறையாமல் சொல்லியிருக்கிறாள். ரெங்கசாமி தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டாராம். பிறகு அவள் தஞ்சாவூருக்குத் திரும்பவில்லை. பட்டுக்கோட்டையில் தென்னந்தோப்பும் கொப்பரை வியாபாரமும் உள்ள குடும்பத்தில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், இனி வேலைக்கு வரமாட்டாள் என்று ஆள் வந்து டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அவள் கோட்டு ஆணியில் தொங்கியது. நான் அதை எடுக்கவில்லை.

நாங்கள் சேர்த்த சீரத்தின் மேல் அவள் கையால் "தாய்மார்" என்று எழுதி ஒட்டியிருந்தாள். யார் யாருடைய ரத்தமோ அதில் இருந்தது. அதைக் கலந்த உணவைச் செத்துக்கொண்டிருந்த புட்டிகளுக்கு ஊற்றினேன். பெரிய நம்பிக்கையோடு ஊற்றினேன் என்று சொல்லமாட்டேன். ஊற்றாமல் இருக்க மனம் வரவில்லை.

செல்கள் சாவது நின்றது. முதலில் நான் நம்பவில்லை. உப்பி மிதந்தவை போக, ஒட்டியிருந்தவை ஒட்டியே இருந்தன. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டுத் திடீரென்று மேசையைத் தட்டினார்.

"அடடா! கன்னுக்குட்டிக்கு இந்த வைரஸத் தெரியாதும்மா. அது ரத்தத்துல இதுக்கு எதிர்ப்பு இருக்காது. ஆனா தஞ்சாவூர் தாய்மாருக்கு இது பழகின சனியன். பாதிப் பேருக்கு எப்பவாவது வந்து போயிருக்கும். அவங்க ரத்தத்துல இருக்குற எதிர்ப்புச் சக்தி கொடி வழியா புள்ளைக்கு இறங்கியிருக்கு. அது தப்பிச்ச வைரஸ எல்லாம் கட்டிப்போட்டுடுச்சு."

அவர் குரலில் பல வாரம் கழித்து ஒரு ராகத்தின் தொடக்கம் கேட்டது.

மாசி முடிந்தது. கும்பகோணத்தில் முத்தரப்புப் பேச்சு நடந்து, கூலி உயர்ந்து, பிடித்தவர்களை விட்டு, மிஞ்சிய நெல்லை அறுத்திருந்தார்கள். பங்குனியில் ஒரு காலை, வழக்கம்போல் புட்டிகளை ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். பதினோராம் புட்டியில் என் கை நின்றது.

ஒழுங்காகச் சாய்ந்து படுத்திருந்த செல்களுக்கு நடுவே ஒரு மேடு. அங்கே செல்கள் குட்டையாக, மினுமினுப்பாக, திசையே இல்லாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. தொட்டதும் நிற்கும் குணம் போய்விட்டது. பக்கத்தில் இன்னொரு மேடு. வைரஸ் போடாமல் அதே சீரத்தில் வளர்த்த புட்டிகளைப் பார்த்தேன். அவை வயதாகி ஓய்ந்திருந்தன. இது மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது.

டாக்டர் அன்று சென்னைக்குப் போயிருந்தார். அறையில் நான் மட்டும். யாரிடமாவது சொல்ல வேண்டும். சொல்லிப் புரிந்துகொள்ள இந்த மாவட்டத்தில் இன்னும் ஒருத்திதான் இருந்தாள்.

கிடைத்த பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போனேன். அப்பா களத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். செல் என்ன, வைரஸ் என்ன என்று அவருக்குப் புரியவில்லை. நான் எங்கே போகிறேன் என்பது புரிந்தது.

"போ" என்றார். "ஆனா கொல்லைப் பக்கம் போகாத. வாசல் வழியாப் போ."

ரெங்கசாமி வாசலில் நின்று வைக்கோல் வண்டி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். அந்த வருஷம் அவருடைய பாதி வெள்ளாமை வயலிலேயே உதிர்ந்துவிட்டது. என்னைக் கண்டதும் நெற்றி சுருங்கியது.

"வீரையன் மகளா? என்ன சேதி?"

"பிரகதாம்பாளப் பாக்கணுங்க."

அந்தப் பெயர் என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. வண்டிக்காரர் இறக்கிய வைக்கோல் கட்டோடு அப்படியே நின்றார்.

"பேரச் சொல்லுற அளவுக்கு வந்தாச்சா?" என்றார் ரெங்கசாமி.

"அங்க அப்படித்தான் கூப்பிடச் சொல்லியிருக்காங்க."

என் குரல் உள்ளே கேட்டிருக்க வேண்டும். பிரகதா வீட்டுப் புடவையோடு, மாவு படிந்த கையோடு ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். எப்படியிருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"எந்தப் புட்டி?"

"பதினொண்ணு."

"குமிஞ்சிருக்கா?"

"ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கு. ரெண்டு எடத்துல."

"வைரஸ் போடாதது?"

"ஓஞ்சு போச்சு."

அவள் கண் நிறைந்துவிட்டது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, நான் தஞ்சாவூர் போயிட்டு வரேன்."

"எதுக்கு?"

"பாக்கணும்."

"பாத்து?"

"பாத்தாத்தான் சொல்ல முடியும்ப்பா."

ரெங்கசாமி மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இறக்காமல் நிற்கும் வண்டிக்காரரைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். வீட்டுக்குள்ளிருந்து யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள்.

"வெயில்ல ரோடு வரைக்கும் நடக்க வேணாம்" என்றார் கடைசியில். "வண்டிய கட்டச் சொல்றேன். ரெண்டு பேரும் ஏறிப் போங்க."

அன்று அவர் ஏன் விட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிரகதாவைக் கேட்டால் அவளுக்கும் தெரியாது. மிராசு வண்டியில் அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்து தெருவைக் கடந்தபோது ஊர் முழுக்க வெளியே வந்து நின்றது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவளோ, இனி என்னென்ன சோதனை செய்ய வேண்டும் என்று விரல் விட்டுப் பேசிக்கொண்டே வந்தாள்.

அறைக்குள் நுழைந்ததும் ஆணியிலிருந்த கோட்டைப் போட்டுக்கொண்டாள். மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் நிமிரவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. நான் அவள் முதுகில் கை வைத்தேன்.

"பிரகதா" என்றேன்.

"கூப்பிட்டுட்டியே" என்றாள், கண்ணை எடுக்காமலே.

அதன் பிறகு ஒரு வருஷம் நாங்கள் வேலை செய்த வேகம் எங்களுக்கே ஆச்சரியம். மாப்பிள்ளை வீட்டில் ஒரு வருஷம் தவணை வாங்கிக்கொண்டாள். எலிச் செல்கள் சில நேரம் தாமாகவே மாறிவிடும், அவசரப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். மறுபடி செய்தோம். இந்தத் தடவை ரெங்கசாமி தாமாகவே கன்றுச் சீரத்துக்கு ஆள் அனுப்பினார். பாதியைக் கன்றுச் சீரத்திலும் பாதியைத் தாய்மார் சீரத்திலும் வளர்த்தோம். கன்றுச் சீரத்தில் எல்லாம் செத்தன. தாய்மார் சீரத்தில் மறுபடி மேடு எழும்பியது. அந்தச் செல்களை எலிக்குப் போட்டால் கட்டி வந்தது. வைரஸின் சுவடு செல்லுக்குள் இருப்பதை வடக்கே ஒரு பெரிய ஆய்வுக்கூடம் பார்த்து உறுதி செய்தது. கட்டுரை வந்தது. மூன்று பேர் பெயரும் இருந்தன. கடைசியில் பிரசவ வார்டுத் தாய்மாருக்கு நன்றி என்று ஒரு வரி. அந்த வரி இல்லாமல் கட்டுரை போகக் கூடாது என்று பிரகதா பிடிவாதம் பிடித்தாள்.

அடுத்த தையில் டாக்டர் எங்கள் இருவரையும் திருவையாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆற்று மணலில் உட்கார்ந்து கேட்டோம். சங்கீதம் எனக்கு விளங்கவில்லை. தண்ணீர் குறைந்த காவேரியில் காலை நனைத்துக்கொண்டு, டாக்டர் கண்ணை மூடித் தலையாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அதைவிட நிம்மதியாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.

வைகாசியில் பிரகதாவுக்குக் கல்யாணம். என் அப்பாவும் அம்மாவும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எந்தப் பந்தியில் என்று கேட்டால், கடைசிப் பந்தியில்தான். ஆனால் பந்தலுக்குள்.

மாறிய செல்களுக்குச் சாவில்லை என்பார்கள். உணவு கொடுத்தால் வளர்ந்துகொண்டே இருக்கும். எங்களுடையவற்றையும் நான் மூன்றரை வருஷம் வளர்த்தேன். எழுபத்தேழு கார்த்திகை பிறக்கும் நேரத்தில் வந்த புயலில் தஞ்சாவூரே விழுந்து கிடந்தது. பல நாள் கரண்ட் இல்லை. எனக்கு ஆய்வுக்கூடத்துக்குப் போக வழியில்லை, ஊரில் எங்கள் தெருவில் ஒரு கூரைகூட மிஞ்சவில்லை. போய்ப் பார்த்தபோது எல்லாப் புட்டியும் கலங்கி வெளுத்திருந்தது. பட்டுக்கோட்டைக்கு ஒரு கார்டு போட்டேன். அவள் பதில் எழுதினாள்: "நம்ம ஆளுக எல்லாரும் பொழைச்சாங்களா? அத முதல்ல எழுது."

பிறகு நான் பெங்களூரில் டாக்டர் பட்டம் வாங்கி அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பிரகதா பட்டுக்கோட்டையில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்து முப்பது வருஷம் நடத்தினாள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் ஹெர்பிஸ் இல்லை, வேறொரு வைரஸ் என்று பின்னாளில் தெளிவாகிவிட்டது. அந்தச் செய்தி வந்த சமயம் நான் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன்.

"நாம தப்பான ஆளப் புடிச்சு வச்சுக்கிட்டு விசாரிச்சிருக்கோம் அம்சம்" என்றாள்.

"வருத்தமா இருக்கா?"

அவள் இளநீர் சீவிக்கொண்டிருந்தாள். யோசித்துப் பதில் சொன்னாள். "கண்ணாத்தாளுக்காக வருத்தமா இருக்கு. காரணத்த வேற யாரோ கண்டுபுடிச்சாங்க, அது நல்லதுதான். ஆனா அந்த வைரஸ் செல்ல மாத்துச்சுங்கிறது பொய்யில்லையே. நாம ரெண்டு கண்ணால பாத்தோம்."

போன வருஷம் தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்துக்கு வந்த இடத்தில் அவளும் நானும் அந்தக் கட்டடத்தைப் பார்க்கப் போனோம். எங்கள் அறையில் இப்போது பழைய கட்டில்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். காவலாளி உள்ளே விடவில்லை. யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். பிரகதா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இரண்டு கிழவிகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எதிர்க் கடையில் போய்க் காப்பி சாப்பிட்டோம். அவளுக்குச் சர்க்கரை வியாதி, ஆனாலும் அன்று சர்க்கரை போட்டே குடித்தாள்.